பூலித்தேவர் அறையும் பானர்மேன் கடிதமும்

சங்கரன்கோவில் கோயிலுக்குள் நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர் பெயரில் ஓர் அறை இருக்கிறது. கைதியாகக் கொண்டுபோகிற வழியில், சங்கரநாராயணரையும் கோமதியம்மனையும் ஒருதரம் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சிப்பாய்களிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போனவர், விலங்கு தெறித்து விழ அப்படியே மறைந்துவிட்டார் என்பது எங்கள் பக்கத்து வழக்கு. குருவிகுளத்திலிருந்து ஆடித்தபசுக்குப் போகிறவர்கள் புற்றுமண்ணோடு சேர்த்து இந்தக் கதையையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். யாரும் ஆதாரம் கேட்பதில்லை.

ஆதாரம் கேட்டுப் போனால் என்ன கிடைக்கும்? 1761-ல் கும்பினித் தளபதி யூசுப்கான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைப் பிடித்தது கிழக்கிந்தியக் கும்பினியின் காகிதங்களில் இருக்கிறது. அதற்குப் பின் பூலித்தேவர் அந்தக் காகிதங்களில் மங்கிக்கொண்டே போகிறார். சில வருடங்களில் பெயரே இல்லாமல் ஆகிவிடுகிறார். எங்கே இறந்தார், எப்படி இறந்தார் என்பதற்கு உறுதியான எழுத்துச் சான்று கிடையாது. ஆக, கோயில் கதையும் கும்பினிக் காகிதமும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: ஆள் மறைந்துவிட்டார். ஊர் அதைச் சாமியின் அருளாகச் சொல்கிறது. காகிதம் அதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது.

வரலாற்றாசிரியரின் வேலை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தொடங்குகிறது. அந்த வெற்றிடத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதில் அவருடைய கருத்து தெரிகிறது. அதை எப்படிப்பட்ட வாக்கியத்தில் செய்கிறார் என்பதில் அவருடைய நடை தெரிகிறது. கருத்து உள்ளே இருக்கிற பொருள், நடை மேலே போர்த்துகிற துணி என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் வட்டாரத்தைப் பற்றி 250 வருடங்களாக எழுதப்பட்டதைப் படித்துவிட்டு அப்படி நினைக்க என்னால் முடியவில்லை. யாரை மனிதராகக் காட்டுவது, யாரை எண்ணிக்கையாகக் காட்டுவது என்ற முடிவு நடையில்தான் எடுக்கப்படுகிறது.

இதைச் சொல்ல குருவிகுளம் நல்ல இடம். இதுவும் ஒரு ஜமீன் ஊர்தான், ஆனால் பாட்டிலும் சினிமாவிலும் பேர் வாங்காத ஊர். மேற்கே சங்கரன்கோவிலைத் தாண்டினால் நெற்கட்டும்செவல். தெற்கே கழுகுமலையைக் கடந்து போனால் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு. கிழக்கே எட்டயபுரம். தென்மேற்கே ஊற்றுமலை. நாலு திசையிலும் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது, நாலும் நாலு விதமாக.

முதலில் ராபர்ட் ஓர்ம். 1728-ல் அஞ்சுதெங்கில் பிறந்த ஆங்கிலேயர். இந்தோஸ்தானத்தில் பிரிட்டிஷாரின் படை நடவடிக்கைகளைப் பற்றிய அவருடைய பெரிய நூலின் முதல் பாகம் 1763-லும் இரண்டாம் பாகம் 1778-லும் லண்டனில் வெளிவந்தன. 1750-களின் நடுவில் அவர் சென்னைக் கவுன்சிலில் உறுப்பினர். அதாவது 1755-ல் கர்னல் ஹெரானை நவாபின் அண்ணன் மாபூஸ்கானோடு திருநெல்வேலிச் சீமைக்கு வரி வசூலிக்க அனுப்பிய அதே சபையில் இருந்தவர், பின்னால் அந்தப் படையெடுப்பின் வரலாற்றையும் எழுதினார். அவருடைய நடை நாள், தூரம், ஆள் எண்ணிக்கை, பீரங்கி எண்ணிக்கை என்று அடி பிசகாமல் போகும். உணர்ச்சி குறைவு. பாளையக்காரர் ஒவ்வொருவரும் சதுரங்கப் பலகையில் ஒரு காய். எப்போது யார் பக்கம் சாய்வார் என்ற கணக்குத்தான் அவருக்கு முக்கியம்.

ஆனால் இந்தத் துல்லியத்துக்குள்ளிருந்தே எதிர்பாராத ஒன்று வெளியே வந்துவிடுகிறது. நெற்கட்டும்செவல் கோட்டை முன்னால் ஹெரான் நிற்கிறார். கோட்டையை உடைக்கப் பெரிய பீரங்கி இல்லை. படைக்குச் சாப்பாடும் இல்லை. 20,000 ரூபாய் கொடுத்தால் போய்விடுகிறோம் என்று பேரம் பேசுகிறார். எதிரியின் கையில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பூலித்தேவர் கொடுக்க மறுக்கிறார். படை திரும்பிப் போகிறது. ஓர்ம் இதை மறைக்கவில்லை. மறைக்க அவருடைய நடை விடவில்லை. எதையும் எண்ணிச் சொல்கிற பழக்கம் உள்ளவர், தன் பக்கம் வெறுங்கையோடு திரும்பியதையும் எண்ணித்தான் ஆகவேண்டும். கும்பினிப் பக்கம் நின்று எழுதிய புத்தகத்தில் பூலித்தேவரின் தைரியம் ஏறியது இந்த வழியில்தான். ஓர்மின் கருத்தை விட அவருடைய நடை நேர்மையானது என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தவர் பிஷப் கால்டுவெல். தமிழர்கள் அவரைத் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காக நினைக்கிறோம். 1881-ல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட அவருடைய திருநெல்வேலி மாவட்ட வரலாற்றைப் படிப்பவர்கள் குறைவு. அதன் தொடக்கத்தில் அவர் ஒரு கருத்தைச் சொல்கிறார்: தத்துவம், கவிதை, சட்டம், கணிதம், கட்டடக்கலை, இசை எல்லாவற்றிலும் ஈடுபட்ட இந்துக்கள் வரலாற்றில் மட்டும் அக்கறையே காட்டவில்லை என்று. இந்தக் கருத்துத்தான் அந்தப் புத்தகத்தின் நடையைத் தீர்மானித்தது. இந்த மண்ணின் மனிதர்களுக்கு நினைவு உண்டு, வரலாறு கிடையாது என்று நம்புகிறவர், அந்த நினைவுகளைக் கதை என்ற ஓரத்தில் வைப்பார். நடுவில் கும்பினிக் கடிதங்களை வைப்பார். புத்தகம் 1801-ல் திருநெல்வேலிச் சீமை ஆங்கிலேயர் கைக்கு முழுதாக வருவதோடு நிற்கிறது. அதுவரை குழப்பம், அதற்குப் பிறகு அமைதி. ஒரு வரலாறு எங்கே முடிகிறது என்பதே ஒரு தீர்ப்பு.

அந்தப் புத்தகம் அச்சில் இருந்த காலத்தையும் பார்க்க வேண்டும். தாது வருஷப் பஞ்சம் 1876-ல் தொடங்கி 1878 வரை தென்னாட்டை அழித்துவிட்டுப் போய் மூன்று வருடந்தான் ஆகியிருந்தது. 1801-ல் கதையை முடித்துவிட்டால் பஞ்சத்துக்கு அதில் இடமில்லை. கால்டுவெல் இரக்கமில்லாதவர் என்று நான் சொல்லவில்லை; ஐம்பது வருடம் இந்த மக்களோடு வாழ்ந்து, இங்கேயே இறந்தவர். ஆனால் அவர் தேர்ந்துகொண்ட முடிவுப்புள்ளி, ஆங்கிலேய ஆட்சியில் வந்த பசியைப் புத்தகத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது.

வாசகர் யார் என்பதும் நடையைத் தீர்மானிக்கும். 1849-ல் நாடார் சமூகத்தைப் பற்றிக் கால்டுவெல் ஒரு சிறுநூல் எழுதினார். மிஷனுக்கு உதவுகிற இங்கிலாந்து வாசகர்களை மனதில் வைத்து எழுதிய நூல் அது. யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களே ஒருநாள் ஆங்கிலம் படித்து அதைக் கையில் எடுப்பார்கள் என்ற நினைப்பு அந்த வாக்கியங்களில் எங்கும் இல்லை. எடுத்தார்கள். தங்களை இழிவாகக் காட்டியதாகப் பல பத்தாண்டுகள் எதிர்த்தார்கள். மிஷனோடு மோதிப் பிரிந்து 1857-ல் பிரகாசபுரத்தில் தனித் திருச்சபையே கண்ட அருமைநாயகம் சட்டாம்பிள்ளை அந்த எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றவர். தன்னைப் பற்றி எழுதப்படுகிறவர் படிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிற எந்த நடையும் கெட்டுப்போகும். இன்றும் கிராமங்களைப் பற்றி நகரத்தில் உட்கார்ந்து எழுதப்படும் எத்தனையோ ஆய்வுகளில் அந்தத் தொனி இருக்கிறது.

இனி கயத்தாறு. கட்டபொம்மனின் கடைசி நேரத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் அவரைத் தூக்கிலிட்டவரின் கடிதத்திலிருந்து வந்ததுதான். 1799 அக்டோபர் 16 அன்று தூக்கு. மறுநாள் மேஜர் பானர்மேன் சென்னைக்கு அறிக்கை எழுதுகிறார். விசாரணை நடந்த நேரமெல்லாம் கட்டபொம்மன் பயமில்லாமல், அலட்சியமாக இருந்தார். தன்னைப் பிடிக்கப் பாடுபட்ட எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் வெறுப்போடு பார்த்தார். தூக்குமரத்துக்கு உறுதியான நடையில் போனார். இரு பக்கமும் நின்ற பாளையக்காரர்களை இகழ்ச்சியாகப் பார்த்துக்கொண்டே போனார் என்று எழுதுகிறார். பிறகு, வழியில் தன் ஊமைத் தம்பி ஊமைத்துரையை நினைத்து மட்டும் கவலைப்பட்டார் என்றும், மரத்தடியில் நின்றபோது, கோட்டையை விட்டு வெளியேறியதற்கு வருந்தி, அதைக் காத்து அங்கேயே செத்திருக்கலாம் என்று சொன்னார் என்றும் எழுதுகிறார்.

இந்தக் கடிதத்தில் ஒரு சிறு விவரம் என்னை எப்போதும் பிடித்து நிறுத்துகிறது. அந்தக் கடைசிப் பேச்சைத் தான் காதால் கேட்டதாகப் பானர்மேன் சொல்லவில்லை. தனக்குச் சொல்லப்பட்டதாகச் சொல்கிறார். யார் சொன்னது? கைதியோடு மரம்வரை நடந்தவர், அவர் பேச்சைப் புரிந்துகொள்ளத் தெரிந்தவர். ஒரு சிப்பாயாக இருக்கலாம், ஒரு துபாஷியாக இருக்கலாம். அவர் பெயர் கடிதத்தில் இல்லை. வரலாற்றாசிரியர்கள் இரும்பு போல நம்புகிற அந்த அரசாங்க ஆவணத்தின் நடுநெஞ்சில் பெயர் தெரியாத ஒருவரின் வாய்மொழி உட்கார்ந்திருக்கிறது. சங்கரன்கோவில் அறையின் கதையைச் சொன்னவருக்கும் இவருக்கும் வேறுபாடு ஒன்றுதான்: இவர் சொன்னதை ஒரு மேஜர் எழுதிக்கொண்டார்.

கலகத்தை அடக்கியவரின் வாக்கியம் எப்படிப் படிப்படியாக வரலாறாகிறது என்று ரணஜித் குஹா 1983-ல் ஒரு நீண்ட கட்டுரையில் காட்டினார். முதலில் சூட்டோடு எழுதப்படும் அதிகாரியின் அறிக்கை. அடுத்து, சில காலம் கழித்து அதே ஆட்கள் எழுதும் நினைவுக்குறிப்பு. கடைசியில், எந்தப் பக்கமும் சாராதவராகத் தன்னை நினைத்துக்கொள்ளும் வரலாற்றாசிரியரின் புத்தகம். ஒவ்வொரு படியிலும் தொனி தணிகிறது. முதல் வாக்கியத்தின் எலும்பு மட்டும் மாறுவதில்லை. குஹா வங்காளத்தையும் சந்தால்களையும் வைத்துப் பேசினார். நம் பக்கத்தில் அந்த மூன்று படியும் கண்முன் இருக்கின்றன: பானர்மேன் கடிதம், ஜேம்ஸ் வெல்ஷின் நினைவுக்குறிப்பு, கால்டுவெல்லின் வரலாறு.

குஹா சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகவிடாமல் தடுக்கிறவர் இந்த நடுப்படிக்காரர். 1801-ல் பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையிலும் மருதிருவர் சண்டையிலும் கும்பினிப் பக்கம் நின்று போரிட்டவர் வெல்ஷ். 1830-ல் தன் ராணுவ நினைவுகளை அச்சிட்டார். சின்ன மருதுவிடம்தான் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டதாக எழுதுகிறார். பிறகு அதே மனிதரை வேட்டையாடிப் பிடித்துத் தூக்கிலிட்ட படையில் தானும் இருந்ததை எழுதுகிறார். ஊமைத்துரையைப் பற்றி எழுதும்போது எதிரி என்பதே மறந்துபோனதுபோல வியக்கிறார். அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதும்போது வராத ஒன்று, வயதான பின் தனக்காக எழுதும்போது வருகிறது. எழுத்தின் வகை மாறும்போது மனிதன் பார்க்கக்கூடியதும் மாறுகிறது.

வெல்ஷ் சொல்லும் ஒரு சம்பவத்தை நான் பலருக்கும் படித்துக்காட்டியிருக்கிறேன். 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி விழுகிறது. பிணங்களுக்கு நடுவில் தன் மகனைத் தேடி ஒரு தாய் வருகிறாள். உயிர் ஊசலாடும் மகனைக் கண்டுபிடிக்கிறாள். என்னை விடு, சாமியைக் காப்பாற்று என்கிறான் அவன். பக்கத்தில் ஊமைத்துரை காயப்பட்டுக் கிடக்கிறார். மகனை விட்டுவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எட்டயபுரத்துப் படையாட்கள் தேடி வரும்போது அவர்மேல் துணியைப் போர்த்தி, அம்மைபோட்டுச் செத்த பிள்ளை என்று பெண்கள் அழுகிறார்கள். வந்தவர்கள் பயந்து திரும்பிவிடுகிறார்கள். கால்டுவெல்லும் இந்தக் கதையைத் தன் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டார். உள்ளூர் நினைவுகளை ஓரத்தில் வைத்த பிஷப், ஒரு படை அதிகாரியின் காதில் விழுந்த உள்ளூர்க் கதையை உள்ளே விடுகிறார், ஓர் ஆங்கிலேயர் அதை எழுதிவிட்டதால். எப்படி வந்தாலும் வந்தது நல்லது. அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் இருவருமே கேட்கவில்லை.

தமிழ்நாடு அறிந்த கட்டபொம்மன் இந்தப் புத்தகங்களிலிருந்து நேராக வரவில்லை. ம.பொ.சி.யின் எழுத்தும் மேடைப் பேச்சும் ஒரு கட்டபொம்மனை உருவாக்கின. 1959-ல் பி. ஆர். பந்துலு இயக்க, சக்தி கிருஷ்ணசாமி வசனமெழுத, சிவாஜி கணேசன் நடித்த படம் அவரை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது. ஜாக்சன் துரைக்கு முன்னால் நின்று அவர் பேசுகிற பேச்சு எந்த ஆவணத்திலும் இல்லை. இது பொய் என்று சிலர் கோபப்படுகிறார்கள். ஆனால் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் பெலப்பொனேசியப் போரை எழுதியபோது, பேச்சுகளைச் சொல்லுக்குச் சொல் நினைவில் வைத்திருக்க முடியவில்லை, அந்தந்த நேரத்துக்கு எது பொருந்துமோ அதைப் பேச வைத்தேன் என்று தானே சொல்லிவிட்டார். உலகம் அவரை வரலாற்றின் தந்தைகளில் ஒருவராக ஏற்றுக்கொண்டது. வேறுபாடு அவர் அதை முன்னாலேயே சொன்னதில்தான் இருக்கிறது. கற்பித்ததைக் கற்பித்தது என்று சொல்லிவிட்டால் வசனமும் வரலாற்றுக்குள் ஒரு மூலையில் இருக்கலாம்.

இன்னொரு பக்கம் தமிழ்வாணன் 'கட்டபொம்மன் கொள்ளைக்காரன்' என்று ஒரு புத்தகம் எழுதினார். ம.பொ.சி. வீரனைக் கண்ட இடத்தில் அவர் கொள்ளைக்காரனைக் கண்டார். ஆவணம் ஒன்றே, வினை மாறிவிட்டது. ஒருவர் வரி கொடுக்க மறுத்தார் என்று எழுதும் இடத்தில் இன்னொருவர் வரி பாக்கி வைத்தார் என்று எழுதுகிறார். இரண்டுக்கும் நடுவில் தொகையில் ஒரு காசு வேறுபாடில்லை. கே. ராஜய்யன் 1971-ல் வெளியிட்ட தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய ஆங்கில நூலில் 1800-1801 நிகழ்வுகளை முதல் விடுதலைப் போர் என்று தலைப்பிலேயே சொன்னார். ஆவணக் காப்பகத்தில் ஆழ்ந்தவர், நடையில் நிதானமானவர். அந்த நிதானத்தால்தான் அவருடைய பெரிய உரிமைகோரல் நின்றது. உரக்கச் சொல்லியிருந்தால் அது மேடைப் பேச்சோடு போயிருக்கும்.

இப்போது கிழக்கே எட்டயபுரத்துக்குப் போகலாம். இந்துக்களுக்கு வரலாற்றில் அக்கறையில்லை என்று கால்டுவெல் அச்சேற்றியதற்கு இரண்டே வருடம் முன்னால், 1879-ல், அதே மாவட்டத்தில் எட்டயபுரம் அரண்மனையின் வரலாறு தமிழில் அச்சாகியிருந்தது. 'வம்சமணி தீபிகை' அதன் பெயர். எழுதியவர் கவிகேசரி சாமி தீட்சிதர். அது ஓர் அரண்மனைப் புலவர் தன் எசமானரின் குலத்துக்கு எழுதிய நூல்தான். அதனால் அது வரலாறு இல்லை என்று ஆகிவிடாது. கும்பினியின் கவுன்சில் உறுப்பினர் கும்பினிப் பக்கம் நின்று எழுதியது வரலாறு என்றால் இதுவும் வரலாறுதான்.

1919-ல் கடையத்தில் வறுமையில் இருந்தபோது பாரதி எட்டயபுரம் மன்னருக்கு எழுதிய ஒரு கடிதத்தில் இந்த நூலைப் பற்றிப் பேசுகிறார். நடை பிழைபட்டிருக்கிறது, தமிழ் கொச்சையாக இருக்கிறது, அனுமதித்தால் நல்ல தமிழில் அழகாகத் திருப்பி எழுதித் தருகிறேன் என்பது அதன் சாரம். அரண்மனை அந்த வேலையை அவருக்குக் கொடுக்கவில்லை. இரண்டு வருடத்தில் அவர் இறந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் எழுதப்படாமல் போன நூல்களில் நான் மிகவும் ஏங்குவது இதற்குத்தான். பாரதி கேட்டதை மேலோட்டமாகப் பார்த்தால் நடைதிருத்தும் வேலை. எழுத்துப்பிழையை நீக்கி, வாக்கியத்தை நிமிர்த்தி, படிக்கிறவருக்கு இன்பம் தரும்படி செய்வது. ஆனால் 1799-க்கு வரும்போது என்ன செய்திருப்பார்? கட்டபொம்மனைப் பிடிக்க உதவியது அந்த அரண்மனை. பாஞ்சாலங்குறிச்சி அழிந்தபின் அதன் நிலத்தில் ஒரு பங்கு அந்த அரண்மனைக்குப் போனது. சுதந்திரத்தைத் தன் மூச்சாகப் பாடியவர், அந்த வீட்டுச் சோற்றைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர், இந்த அத்தியாயத்தை எப்படி எழுதியிருப்பார்? பணத்துக்காகப் பழைய பொருளை அப்படியே வைத்துத் தமிழை மட்டும் மாற்றியிருப்பாரா? அவரால் முடிந்திருக்காது என்று நான் நம்புகிறேன். பாரதியின் உரைநடை எதையும் இடித்துப் பார்க்கிற உரைநடை. அதில் ஒரு பொருளை அசையாமல் வைத்துவிட்டுச் சுற்றி மட்டும் அழகுபடுத்த இடம் கிடையாது. நல்ல தமிழ் வந்திருந்தால் நல்ல கேள்வியும் கூடவே வந்திருக்கும். அரண்மனை அந்த வேலையைக் கொடுக்காததற்குக் காரணம் எதுவாக இருந்தாலும், பாரதியைக் கொண்டு எழுதவைப்பது என்பது வெறும் நடை மாற்றமாக நின்றிருக்காது.

தென்மேற்கே ஊற்றுமலை. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்து, காவடிச்சிந்து மலர இடங்கொடுத்த சமஸ்தானம். அந்தக் குடும்பத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு; காலின் மெக்கன்சி தன் உதவியாளர்களை வைத்துத் தொகுத்தவை போன்ற பழைய குலவரலாறு அது. 1982-ல் நிக்கலஸ் டர்க்ஸ் இதை ஒரு கட்டுரையாக எடுத்து ஆராய்ந்தார். வேறு ஆய்வாளராக இருந்திருந்தால் தேதி தப்பு, அரசர் பெயர் தப்பு, நடக்கமுடியாத சாகசம் என்று பட்டியல் போட்டு மூடிவைத்திருப்பார். டர்க்ஸ் அதைச் செய்யவில்லை. முன்னோர் ஒரு வீரச்செயல் செய்கிறார், அரசர் அழைத்துப் பட்டமும் விருதும் நிலமும் கொடுக்கிறார், அடுத்த தலைமுறையில் மறுபடியும் அதேபோல ஒன்று. இந்தத் திரும்பத்திரும்ப வருதலைக் குறையாகப் பார்க்காமல், அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று அந்தச் சமூகம் நம்பியதன் இலக்கணமாக அவர் படித்தார். சொல்முறையே சான்றாகிவிட்டது. கால்டுவெல் 100 வருடம் முன்னால் வரலாறு இல்லை என்று சொன்ன மண்ணில், வரலாறு இருந்தது, அது வேறு நடையில் இருந்தது.

நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை இதைத் தமிழிலேயே, இன்னும் கீழே இறங்கிச் செய்தார். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு 1969-ல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கியவர். கட்டபொம்மு கதைப்பாடலையும் கான்சாகிபு சண்டையையும் பதிப்பித்தவர். அரண்மனைக்கு வம்சாவளி உண்டு. பாடகனுக்கு என்ன உண்டு என்று கேட்டு, கதைப்பாட்டை வரலாற்றின் மேசைக்குக் கொண்டுவந்தார். அவர் பதிப்பித்த கான்சாகிபு சண்டையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வியப்பு. கான்சாகிபு என்று பாட்டு சொல்வது பூலித்தேவரை ஒடுக்கிய அந்த யூசுப்கானைத்தான். பின்னால் கும்பினியையும் நவாபையும் எதிர்த்து, 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கில் செத்தார். தென்பாண்டி நாடு பூலித்தேவரையும் பாடியது, அவரை அழித்தவரையும் பாடியது. நம் அச்சு வரலாறுகள் ஒருவரை ஏற்றினால் மற்றவரை இறக்கியே தீர வேண்டியிருக்கிறது. பாட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சாவின் முன்னால் அது இருவருக்கும் அழுகிறது.

ஒண்டிவீரனும் வெண்ணிக் காலாடியும் இந்த வாய்மொழியில்தான் உயிரோடு இருந்தார்கள். பூலித்தேவர் படையில் நின்ற அந்தத் தளபதிகளை ஓர்மும் கால்டுவெல்லும் தங்கள் பக்கங்களில் நிறுத்தவில்லை. தேசிய வரலாறு எழுதிய தமிழ் ஆசிரியர்களும் வெகுநாள் நிறுத்தவில்லை. அருந்ததியரும் தேவேந்திரகுல வேளாளரும் தங்கள் நினைவிலிருந்து எடுத்து முன்வைத்த பிறகுதான் பாளையங்கோட்டையில் ஒண்டிவீரனுக்கு மணிமண்டபம் எழுந்தது. ஆவணத்தில் இல்லை என்பதால் ஆள் இல்லை என்று சொல்கிற ஆய்வாளர்களிடம் நான் கேட்பது, அந்த ஆவணத்தை எழுதியவர் அவர்களைப் பார்க்கும் உயரத்தில் நின்றாரா என்பதை. அதே நேரத்தில், மேடையில் சொல்லப்படுவதெல்லாம் அப்படியே நடந்ததாக எழுதும் நூல்களும் அவர்களுக்கு நல்லது செய்யவில்லை. எது ஊர் சொல்வது, எது காகிதம் சொல்வது, எது என் ஊகம் என்று மூன்று குரலையும் பிரித்துக் கேட்கவைக்கும் நடை ஒன்று வேண்டும். அப்படி எழுதுவது கடினம். ஆ. இரா. வேங்கடாசலபதி 1908-ஆம் வருடத் திருநெல்வேலி எழுச்சியைப் பற்றி எழுதிய நூலைப் படித்தபோது அது தமிழில் முடியும் என்று தெரிந்தது. போலீஸ், நீதிமன்றப் பதிவுகளிலிருந்து சாதாரண மனிதர்களை வெளியே எடுத்து நடமாட விடுகிறார். ஆதாரமும் அசையவில்லை, வாசகனும் தூங்கவில்லை.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நாவல் என்ற பெயரில் வந்தது. தெலுங்கு தேசத்திலிருந்து தெற்கே வந்து, காட்டை எரித்துக் கரிசலை விளைநிலமாக்கிய மக்களின் கதையை அதில் ஒரு பாட்டி சொல்கிறாள். குருவிகுளத்தைச் சுற்றியிருக்கிற எத்தனையோ குடும்பங்களின் குடியேற்ற நினைவு அந்தப் பாட்டியின் வாயில் இருக்கிறது. தேதி கேட்டால் அவளிடம் இல்லை. ஓடிவந்தவர்கள் என்ன தின்றார்கள், எதற்குப் பயந்தார்கள், வழியில் யாரை விட்டுவிட்டு வந்தார்கள் என்று கேட்டால் இருக்கிறது. 'வரலாறு' என்று அட்டையில் போட்ட எந்தப் புத்தகமும் இதை எங்களுக்குத் தரவில்லை.

குருவிகுளத்துக்கு என்று ஒரு முழு வரலாறு வேண்டும் என்று ஊரில் படித்த பிள்ளைகள் சிலர் இப்போது பேசிக்கொள்கிறார்கள். அதை எழுத உட்காருகிறவர் முதல் வாக்கியத்தை எங்கே வைப்பார் என்பதில் எனக்கு அக்கறை இருக்கிறது. ஜமீனில் தொடங்குவதுதான் சுலபம். பட்டம், பரம்பரை, வழக்கு, சொத்து எல்லாவற்றுக்கும் காகிதம் உண்டு. 1948-ஆம் வருட ஜமீன் ஒழிப்புச் சட்டத்தில் முடித்தால் அதற்கு ஒரு முழு வடிவமும் வந்துவிடும், கால்டுவெல்லுக்கு 1801 கிடைத்ததைப் போல. நானாக இருந்தால் பருத்தியில் தொடங்குவேன். 1901-ல் கோவில்பட்டியில் பண்ணை ஆராய்ச்சி நிலையம் வருவதற்கு முன்பிருந்தே இந்த மண்ணில் விளைந்த பருத்தி. அதை எடுக்கப் போன பெண்கள் கூலியாக ஒரு பங்குப் பருத்தியையே மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். கடையில் அதைப் போட்டுப் பண்டம் வாங்கினார்கள். அந்தப் பங்கு எவ்வளவு, அதை முடிவு செய்தது யார், மழை பொய்த்த வருடத்தில் அது என்ன ஆனது என்று அவர்களுடைய பேத்திகளிடம் கேட்டு எழுத வேண்டும். பெயர்களைக் கேட்டு எழுத வேண்டும். ஜமீன் அந்தக் கதைக்குள் தானாக வரும், நிலத்துக்கு வரி வாங்குகிற கையாக, அதற்குரிய அத்தியாயத்தில்.